உடம்பைக் கடன் கொடுத்தவர்கள்

அரசு பெரியாஸ்பத்திரி ஒன்றின் அறுவை சிகிச்சை வார்டு. காலை ஒன்பது மணி. பினாயில் வாசனை இன்னும் காயவில்லை. மடிப்புக் கலையாத வெள்ளைக் கோட்டுகளில் பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு கட்டிலைச் சுற்றி நிற்கிறார்கள். கட்டிலில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா. வலது விலாவுக்குக் கீழே வலி, சாப்பிட்டால் அதிகமாகிறது என்று வந்து சேர்ந்தவர். தலைமாட்டில் தூக்குச்சட்டி, தண்ணீர் பாட்டில், மடித்து வைத்த கேஸ் ஷீட்.

ஒரு மாணவர் முன்னால் வந்து வயிற்றில் கை வைக்கப் போகிறார். "கையைத் தேய்ச்சுச் சூடு பண்ணிட்டு வை. வலி இல்லாத பக்கத்துல இருந்து ஆரம்பி" என்கிறார் பேராசிரியர். மாணவர் வலது விலா எலும்பின் கீழ் விரலை மெல்ல அழுத்தி, "மூச்சை நல்லா உள்ள இழுங்கம்மா" என்கிறார். கண் அவர் விரலிலேயே இருக்கிறது. பேராசிரியர் குரல் உயர்கிறது: "வயித்தைப் பார்க்காதே, முகத்தைப் பார்!"

அந்த நொடியில் அம்மாவின் மூச்சு பாதியில் நிற்கிறது. புருவம் சுருங்குகிறது. மூச்சை இழுக்கும்போது கல்லீரலோடு சேர்ந்து பித்தப்பையும் கீழே இறங்கி வரும். அது வீங்கிப் புண்பட்டிருந்தால், விரல் நுனியில் முட்டியதும் மூச்சு தானாக நின்றுவிடும். மருத்துவப் பாடநூல்களில் 'மர்ஃபி குறி' என்று இரண்டு வரியில் முடிந்துபோகும் விஷயம் இது. கட்டிலருகே ஒரு முறை பார்த்தவர் ஓய்வு பெறும் வரை மறக்க மாட்டார்.

அடுத்தவர் வருகிறார். அதற்கடுத்தவர். நல்ல ஆசிரியர் மூன்றாவது ஆளோடு நிறுத்திவிடுவார். எல்லா ஆசிரியர்களும் நிறுத்துவதில்லை. "இன்னும் எத்தனை பேருப்பா?" என்று அம்மா கேட்கும்போது சிரிப்பவர்களும் உண்டு, தலை குனிபவர்களும் உண்டு.

மருத்துவப் படிப்புக்கு என்ன கட்டணம் என்று கேட்டால் லட்சத்திலும் கோடியிலும் பதில் வரும். அந்தக் கணக்கில் வராத ஒரு கட்டணத்தை இந்த அம்மா கட்டிக்கொண்டிருக்கிறார். இலவசமாக வைத்தியம் பார்க்கிறார்கள், அதனால் படுத்திருக்கிறார் என்று சொல்லிவிடலாம். ஆனால் அவர் கொடுப்பது சிறு தொகை அல்ல. இங்கே பழகிய கை நாளைக்கு எந்த ஊரில், எந்த கார்ப்பரேட் மருத்துவமனையில் எந்தச் செல்வந்தரின் வயிற்றைத் தொட்டாலும், அது இவரிடம் வாங்கிய கடன்தான். கற்பிக்கும் மருத்துவமனை என்ற ஏற்பாடே இந்தக் கடனில்தான் நிற்கிறது. அதை எந்த ஊர், எப்படித் திருப்பிக் கொடுக்கப் பார்த்தது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

குத்துதா, குடையுதா?

புனித ஜார்ஜ் கோட்டைக்குள் 1664இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் நோயுற்ற சிப்பாய்களுக்காகத் தொடங்கிய சிறு மருத்துவமனைதான் இன்றைய சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையின் வேர். அதோடு ஒட்டி 1835இல் மருத்துவப் பள்ளி வந்தது. அதுவே பின்னாளில் சென்னை மருத்துவக் கல்லூரி ஆனது. இவற்றை எல்லோரும் சொல்வார்கள். அதிகம் சொல்லப்படாத கதை ஒன்று யாழ்ப்பாணத்தில் இருக்கிறது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வூஸ்டர் நகரைச் சேர்ந்த சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மருத்துவமனை நடத்திக்கொண்டே உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில்தான். ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசாங்க வேலை தேடி ஊரை விட்டுப் போய்விட்டார்கள். கற்றுக்கொண்டது யாழ்ப்பாணத்துக் கிராமத்து உடம்புகளில், பலன் போனது வேறெங்கோ. 1860களில் கிரீன் ஒரு முடிவுக்கு வந்தார்: இனி வகுப்பு தமிழில்தான். பாடநூல் இல்லையா? எழுதிவிடலாம். உடற்கூற்றுக்கு 'அங்காதிபாதம்', அறுவை மருத்துவத்துக்கு 'இரணவைத்தியம்', வேதியியலுக்கு 'கெமிஸ்தம்' என்று நூல்கள் வந்தன. 1873இல் ஊர் திரும்பிய பிறகும் மொழிபெயர்ப்பை அவர் விடவில்லை. 1884இல் இறந்தவரின் கல்லறையில், தமிழர்களுக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்றுதான் பொறித்திருக்கிறார்கள்.

தமிழில் மருத்துவப் படிப்பு வேண்டுமா என்ற விவாதம் இன்றும் பத்தாண்டுக்கு ஒரு முறை கிளம்பி அடங்குகிறது. அது எப்படியோ போகட்டும். பாடம் எந்த மொழியில் இருந்தாலும் நோயாளி தமிழில்தான் வலிக்கிறது என்கிறார். 'ஹிஸ்டரி எடுப்பது' என்று மாணவர்கள் சொல்லும் அந்த முதல் விசாரணையில் பாதி வைத்தியம் முடிந்துவிடும். குத்துகிறதா, குடைகிறதா, இழுத்துப் பிடிக்கிறதா, சுருக்கென்று வந்து போகிறதா, நெஞ்சைக் கரிக்கிறதா, அடைக்கிறதா? கை மதமதப்பா, மரத்துப்போனதா, வெறும் அசதியா? ஆங்கிலப் பாடநூலில் ஐந்தாறு சொற்களில் முடியும் வலிக்கு நம் பாட்டிகளிடம் ஒரு நிகண்டே இருக்கிறது. 'படபடப்பு' என்று ஒருவர் சொன்னால் அது இதயத் துடிப்பா, பயமா, பசியா என்று பிரித்தறிய, ஊரோடு பழகியிருக்க வேண்டும். வேலூருக்கு மருத்துவம் படிக்க வரும் கேரள, வடகிழக்கு மாநில மாணவர்கள் தமிழ் கற்றுக்கொள்ளாமல் ஒரு வார்டையும் கடக்க முடியாது. கொச்சையாகப் பேசினாலும் சரி, "எத்தனி நாளா?" என்று கேட்கத் தெரிந்தால் போதும், நோயாளி மீதியைச் சொல்லிவிடுவார்.

மூன்று கதவுத் தட்டல்

மானிப்பாய்க்குப் பக்கத்துப் பண்டத்தரிப்பில், கிரீனுக்கும் முன்பே, 1820 வாக்கில் மருத்துவமனை தொடங்கியவர் ஜான் ஸ்கடர் என்ற அமெரிக்க மருத்துவர். பிறகு சென்னைக்கு வந்தார். அவருடைய பேத்திதான் ஐடா ஸ்கடர். 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். பஞ்சமும் புழுதியுமாகப் பார்த்த ஊரில் வாழ்நாளைக் கழிப்பதில் அவருக்குச் சிறிதும் விருப்பமில்லை. அமெரிக்காவில் படித்து, அங்கேயே நல்லபடியாக வாழ்ந்துவிடலாம் என்றிருந்தவர், தாயாருக்கு உடல்நலமில்லை என்று திண்டிவனம் வந்தார்.

அங்கே ஓர் இரவில் மூன்று பேர் அடுத்தடுத்து வந்து கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றவர் இன்னொரு சாதி இந்து. மூவரின் மனைவியருக்கும் பிரசவத்தில் சிக்கல். ஐடாவின் தந்தை மருத்துவர்தான், வருகிறேன் என்றார். ஆண் மருத்துவர் வேண்டாம், நீ வா என்றார்கள். ஐடாவுக்கு வைத்தியம் தெரியாது. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள்.

இந்தக் கதை வேலூரில் பலமுறை சொல்லப்பட்டுத் தேய்ந்துபோனது. தேய்ந்தாலும் அதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அன்றைக்கு அந்த வீட்டில் மருத்துவர் இருந்தார். மருந்தும் இருந்தது. அந்த மூன்று வீட்டு நடைக்குள் நுழையக்கூடிய மருத்துவர்தான் இல்லை. பின்னாளில் வேலூரில் நடந்த பலவற்றுக்கும் காரணம் இந்த வித்தியாசம்தான்.

கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899இல் பட்டம் பெற்று, 1900 தொடக்கத்தில் ஐடா வேலூர் வந்து சேர்ந்தார். கையில் 10,000 டாலர் நன்கொடை இருந்தது. நியூயார்க் வங்கியாளர் ஒருவர் மறைந்த தன் மனைவியின் நினைவாகக் கொடுத்தது. தந்தை வீட்டிலேயே ஒரு கட்டிலோடு வைத்தியம் தொடங்கியது. அடுத்த சில மாதங்களில் தந்தையும் இறந்துபோக, பயிற்சி முடித்த கையோடு தன்னந்தனியாக நின்றார். 1902இல் 40 கட்டில்களோடு மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது. நோயாளி நடந்து வர முடியாத ஊர்களுக்கு மாட்டு வண்டியிலும், பிறகு காரிலும் போனார். குடியாத்தம் சாலையில் குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட மரத்தடியில் வண்டி நிற்கும், ஜனங்கள் காத்திருப்பார்கள். முதன்முதலில் காரைப் பார்த்து, பிசாசு வருகிறது என்று ஓடியவர்களும் உண்டாம்.

ஒருவர் எத்தனை மரத்தடிக்குப் போக முடியும்? 1909இல் செவிலியர் பள்ளி. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. விரல்விட்டு எண்ணும் அளவுக்குப் பெண்கள் விண்ணப்பித்தாலே அதிசயம் என்றாராம் சென்னை மாகாணத்தின் மருத்துவ உயரதிகாரி. முதல் ஆண்டிலேயே 151 விண்ணப்பங்கள் வந்தன. சேர்ந்தவர்களுக்கு ஐடாவே உடற்கூறு எடுத்தார். அந்த ஆண்டுத் தேர்வை எழுதிய 14 பெண்களும் தேறினார்கள். அதே தேர்வில் மாகாணத்தின் ஆண்கள் பள்ளிகளில் ஐந்தில் ஒருவர்தான் தேறியிருந்தார். எம்.பி.பி.எஸ். தகுதி 1942இல் வந்தது. 1947இல் ஆண்களையும் சேர்த்துக்கொண்டார்கள். இந்தியாவின் பல கல்லூரிகளில் பெண்கள் உள்ளே நுழையப் போராடிய கதை உண்டு. வேலூரில் ஆண்கள் வெளியே நின்றார்கள்!

கணியம்பாடி என்ற வகுப்பறை

வேலூர் டவுனில் ஆற்காடு சாலை மருத்துவமனையைப் பார்த்தவர்களுக்கு, ஐடாவின் பள்ளியிலிருந்து வளர்ந்த சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) என்றால் அந்தக் கூட்டம்தான். அங்கிருந்து தெற்கே சில கிலோமீட்டர் தள்ளிப் பாகாயத்தில் கல்லூரி இருக்கிறது. அதை ஒட்டி இன்னொரு சிறிய மருத்துவமனை. சமுதாய நலத்துறை நடத்தும் இதைப் பெயரின் ஆங்கிலச் சுருக்கத்தை வைத்து 'சாட்' என்கிறார்கள். கணியம்பாடி ஒன்றியத்துக் கிராமங்கள் இதன் பொறுப்பு. சுமார் ஒரு லட்சம் பேர்.

முதலாண்டு மாணவர்களை இங்கே கிராமத்தில் கொண்டுபோய்த் தங்க வைக்கிறார்கள். எம்.பி.பி.எஸ். மாணவரோடு செவிலியர் மாணவியும் பிற மருத்துவத் துறை மாணவர்களும் சேர்ந்து சில வாரம். கழுத்தில் ஸ்டெத் போட்டு ஒருவர் முன்னால் நிற்கும் வயது அவர்களுக்கு இன்னும் வரவில்லை. மருந்து கொடுக்கவும் தெரியாது. வீடு வீடாகப் போய்க் கணக்கெடுக்க வேண்டும். எத்தனை பேர், என்ன வேலை, கழிப்பறை உண்டா, தண்ணீர் எங்கிருந்து, கடைசிக் குழந்தை எங்கே பிறந்தது. நூறு நாள் வேலைக்குப் போனவரை மதியம் தேடிப் போனால் வீடு பூட்டியிருக்கும். மாலையில் போக வேண்டும் என்பதே முதல் பாடம். "மாத்திரை ஒழுங்கா சாப்பிடறீங்களா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டச் சொன்னால் உண்மை தெரியும். இது இரண்டாவது பாடம். இவை எந்தப் பாடநூலிலும் இல்லை.

கிராமத்தில் நிரந்தரமாக இருப்பவர் பகுதிநேரச் சுகாதாரப் பணியாளர். பெரும்பாலும் அதே ஊர்ப் பெண். அவருக்கு மேலே செவிலியர், அதற்கு மேலே மருத்துவர். யார் கருவுற்றிருக்கிறார், யாருக்குக் குழந்தை பிறந்தது, யார் இறந்தார் என்று இந்தப் பெண்மணி சொல்லும் தகவல் பதிவேட்டில் ஏறுகிறது. மரணம் என்றால் வீட்டுக்குப் போய், குடும்பத்தாரிடமும் அக்கம்பக்கத்திலும் விசாரித்து, காரணம் என்ன என்று எழுதுகிறார்கள். பிணப் பரிசோதனை இல்லாத இடத்தில் வாய்மொழி விசாரணைதான் வழி.

இந்தப் பதிவேடு ஒரு நாள் பயங்கரமான ஒன்றைச் சொன்னது. 1992 முதல் 2001 வரையிலான மரணங்களை எடுத்துப் பார்த்தபோது, 10 முதல் 19 வயதுப் பெண்களில் தற்கொலை விகிதம் ஆண்டுக்கு லட்சத்துக்கு 148 என்று வந்தது. அதே வயது ஆண்களில் 58. அந்த வயதில் இறந்த பெண்களில் பாதி முதல் முக்கால் பங்கு வரை தற்கொலை. 2004இல் 'லான்செட்' இதழில் இது வெளிவந்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. காவல் நிலையத்தில் 'வயிற்று வலி தாங்காமல்' என்றும், ஊரில் 'காய்ச்சல்' என்றும் மூடப்பட்டவை இவை. ஸ்கேன் கருவியால் கண்டுபிடிக்க முடியாத நோய் இது. பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் ஒரு பணியாளரிடம் மட்டும்தான் அந்தக் குடும்பங்கள் வாய் திறந்தன.

வேலூர் நகரத்துக்குள்ளும் இதே பாணி வேலை நடந்தது. சின்ன அல்லாபுரம், ராமநாயக்கன்பாளையம், கஸ்பா ஆகிய நெருக்கடியான குடியிருப்புகளில் பிறந்த குழந்தைகளை, பிறந்த நாளிலிருந்து மூன்று வயது வரை பின்தொடர்ந்தார்கள். வாரம் இரு முறை களப்பணியாளர் வீட்டுக்கு வருவார். இரு வாரத்துக்கு ஒரு முறை குழந்தையின் மல மாதிரி. வாந்தி பேதியில் குழந்தைகளைக் கொல்லும் ரோட்டா வைரஸ் எத்தனை முறை தொற்றுகிறது, தொற்றினால் எவ்வளவு பாதுகாப்பு வருகிறது என்று பார்ப்பது நோக்கம். மூன்றாண்டும் முழுதாக நின்றவர்கள் 373 குழந்தைகள். மூன்று முறை தொற்றிய பிறகுதான் சுமார் 79 சதவீதப் பாதுகாப்பு கிடைக்கிறது என்று 2011இல் வெளியான முடிவு சொன்னது. வேறு நாட்டுக் குழந்தைகளை வைத்துப் போட்ட கணக்கு நம் பிள்ளைகளுக்குச் சரிவராது என்பது அதில் தெளிவானது. பின்னர் இந்தியாவிலேயே உருவான ரோட்டாவேக் தடுப்பு மருந்தின் இறுதிக்கட்டச் சோதனை டெல்லி, புனே, வேலூர் மூன்று இடங்களிலுமாக 6,799 குழந்தைகளிடம் நடந்தது. இந்தப் பணியில் முன்னின்ற ககன்தீப் காங் 2019இல் லண்டன் ராயல் சொசைட்டிக்குத் தேர்வான முதல் இந்தியப் பெண் விஞ்ஞானி ஆனார். கஸ்பா தாய்மார்களுக்கு அந்தச் செய்தி போய்ச் சேர்ந்ததா என்று விசாரித்தால் நல்லது.

ஒரு மாணவியின் ஆய்வேடு

மாணவர்கள் கற்றுக்கொள்ள மட்டும்தான் வருகிறார்கள் என்ற எண்ணத்தை உடைக்க 1986இல் நடந்தது ஒன்றே போதும்.

சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் முதுநிலை மாணவி செல்லப்பன் நிர்மலா. ஆய்வேட்டுக்குத் தலைப்பு வேண்டும். எய்ட்ஸ் கிருமி இந்தியாவில் இருக்கிறதா என்று பாரேன் என்றார் பேராசிரியர் சுனிதி சாலமன். எய்ட்ஸ் என்பது வெள்ளைக்காரன் நோய், இங்கே வராது என்று பத்திரிகைகளே எழுதிக்கொண்டிருந்த காலம். நிர்மலாவுக்கோ பாலியல் தொழில் வட்டாரமே பழக்கமில்லை. அந்தத் தொழிலில் இருந்த பெண்களைத் தேடிப்பிடித்து, பேசி, ரத்த மாதிரி எடுத்தார். கையுறைகூட முறையாக இல்லை. மாதிரிகள் அவர் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் இருந்தன. சோதிக்கும் வசதி சென்னையில் இல்லாததால், ஐஸ் பெட்டியில் வைத்து, கணவரோடு இரவு ரயிலேறி வேலூர் சி.எம்.சி.யின் ஜேக்கப் ஜான் ஆய்வகத்துக்கு எடுத்துப்போனார். சோதனைத் தட்டில் ஆறு குழிகள் மஞ்சளாக மாறின. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதற்கு முதல் சான்று அதுதான். சட்டமன்றம் வரை போன செய்தி, ஒரு மாணவியின் தேர்வுத் தேவைக்காகத் தொடங்கியது.

அந்த ஆறு பெண்களின் பெயர் எங்கும் பதிவாகவில்லை. அவர்கள் கொடுத்த சில மில்லிலிட்டர் ரத்தத்தில்தான் இந்நாட்டின் எய்ட்ஸ் தடுப்புப் பணியே தொடங்கியது. கடன் என்று முன்னால் சொன்னது இதையும் சேர்த்துத்தான்.

வேலூரில் இன்னொருவரும் உண்டு. மேரி வர்கீஸ், அதே கல்லூரியில் படித்தவர். 1954இல் வாகன விபத்தில் முதுகெலும்பு முறிந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். கொல்லிமலையில் பிறந்தவரும், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் மீட்டெடுத்தவருமான பால் பிராண்ட் அப்போது அங்கே இருந்தார். அவர் தூண்டுதலால் மேரி சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பின்னர் மறுவாழ்வு மருத்துவத் துறையின் முதல் தலைவரானார். நோயாளிகள் அவரிடம் "உங்களுக்கு என்ன தெரியும் டாக்டர்" என்று சொல்ல வழியே இல்லை, அவருக்குத் தெரியும்.

வெளியூர்க் கூட்டமும் உள்ளூர்க் குறையும்

எல்லாம் சரி. இன்றைக்கு வேலூர் ரயில் நிலையமான காட்பாடியில் இறங்கினால் காதில் விழுவது வங்காளம். மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், அசாம், வங்கதேசம் என்று எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜ்களில் பெயர்ப்பலகை வங்க எழுத்தில் இருக்கிறது. மீன் குழம்பும் அந்த ஊர்ப் பக்குவத்தில் கிடைக்கிறது. உள்ளூர்க்காரர்களுக்கு ஒரு குறை நிரந்தரமாக உண்டு: "நம்ம ஊர் ஆஸ்பத்திரி, நமக்கு அப்பாயின்ட்மென்ட் கிடைக்க மாட்டேங்குது. காசும் தாங்கல."

குறை பொய்யல்ல. பெயர் பெற்ற மருத்துவமனைக்கு நேரும் விபத்து இது. தூரத்திலிருந்து வருபவர் முற்றிய நோயோடு வருவார். முற்றிய நோயைப் பார்க்கும் துறைகள் வளரும். வாசலில் நிற்பவரின் சர்க்கரையும் இருமலும் சின்ன விஷயமாகிவிடும். மாணவருக்கும் இதில் நஷ்டம்தான். ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் நோயை ஐந்து முறை பார்த்துவிட்டு, பத்தில் ஒருவருக்கு வரும் நோயை ஒழுங்காகப் பார்க்கத் தெரியாமல் வெளியே வருவார்.

இதை வேலூர் உணராமலில்லை. 1977இல் கே.வி.குப்பத்தில் 'ருஷா' என்ற கிராமப்புற நலப்பிரிவு வந்தது. நகரத்து ஏழைகளுக்கென்று குறைந்த செலவுச் சிகிச்சைப் பிரிவு ஒன்றைத் தனியாக நடத்துகிறார்கள். அங்கே எல்லாவற்றுக்கும் சோதனை எழுதிக் கொடுக்க முடியாது. கண்ணும் காதும் கையும் முதலில், சோதனைச்சாலை பிறகு. மாணவர்களுக்கு இதைவிடக் கண்டிப்பான வாத்தியார் கிடையாது. எம்.ஆர்.ஐ. எடுக்க வசதி இருக்கும் இடத்தில் யாரும் முட்டியைத் தட்டிப் பார்ப்பதில்லை.

படித்து முடித்தவர்கள் இரண்டாண்டு தேவையுள்ள ஊர் மருத்துவமனைகளில் வேலை செய்ய வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. அப்படிப் போகத் தயாரானவரா என்று பார்த்துச் சேர்க்கத்தான் பல நாள் நேர்காணல் நடத்திவந்தார்கள். நீட் வந்ததும் அது சிக்கலானது. 2017இல் எம்.பி.பி.எஸ். இடங்கள் 100 இருந்தும் ஒரே ஒரு மாணவரைத்தான் கல்லூரி சேர்த்தது. மற்ற இடங்களைக் காலியாகவே விட்டது. 2020இல் உச்ச நீதிமன்றம் நீட் எல்லோருக்கும் பொது என்று தீர்ப்பளித்தது. நியாயம் யார் பக்கம் என்பதில் இரண்டு கருத்து இருக்கலாம். மதிப்பெண்ணை வைத்து மட்டும் கிராமத்து மருத்துவரைக் கண்டுபிடிக்க முடியாது என்பதில் இரண்டு கருத்து இருக்கக் காரணமில்லை.

கட்டிலும் கல்லூரியும்

பாகாயத்திலிருந்து ஆரணி சாலையில் இன்னும் சற்றுப் போனால் அடுக்கம்பாறை. 2005இல் தொடங்கிய அரசு வேலூர் மருத்துவக் கல்லூரி அங்கே இருக்கிறது. காசில்லாதவர்கள் முதலில் போவது அங்கேதான். தமிழ்நாட்டில் இன்று 36 அரசு மருத்துவக் கல்லூரிகள். அவற்றில் 11 கல்லூரிகள் 2022 ஜனவரி 12 அன்று ஒரே நாளில் திறக்கப்பட்டவை: விருதுநகர், ராமநாதபுரம், அரியலூர், கள்ளக்குறிச்சி, நீலகிரி என்று, முன்பெல்லாம் மதுரைக்கும் கோவைக்கும் திருச்சிக்கும் ஆம்புலன்சில் அனுப்பிக்கொண்டிருந்த மாவட்டங்கள். 1,450 இடங்கள் ஒரே வீச்சில் கூடின.

கல்லூரி வந்தால் மாவட்ட ஆஸ்பத்திரிக்கு என்ன கிடைக்கும்? இரவு இரண்டு மணிக்கும் ஒரு மயக்க மருத்துவர். நான்கைந்து துறைகளில் பேராசிரியர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக ஹவுஸ் சர்ஜன்கள். ரத்தம் எடுப்பது, தையல் போடுவது, குளுக்கோஸ் ஏற்றுவது, ரத்த வங்கிக்கு ஓடுவது, நோயாளியின் மகனிடம் விளக்கிச் சொல்வது என்று பெரியாஸ்பத்திரியின் இரவு முழுவதும் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுப் பிள்ளைகளின் தோளில் இருக்கிறது. அவர்கள் படுக்க ஓர் அறை இருக்கிறதா என்பதை நாம் கேட்டதில்லை. 2024 ஆகஸ்ட் 9 அன்று கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் நீண்ட பணிக்குப் பின் கருத்தரங்க அறையில் கண்ணயர்ந்த பயிற்சி மருத்துவர் வன்கொடுமை செய்து கொல்லப்பட்ட பிறகுதான் நாடு அதைக் கேட்டது.

மறுபக்கமும் உண்டு. நோயாளிகளே வராத கல்லூரிகள். ஆய்வு நாளில் மட்டும் கட்டில்கள் நிறையும், மறுநாள் காலியாகும். போலி நோயாளிகளைக் காட்டி அங்கீகாரம் வாங்கியதாக 2025இல் சி.பி.ஐ. பதிந்த வழக்கில் நாட்டின் பல தனியார் கல்லூரிகள் சிக்கின. அங்கே படித்து வருபவர் எவருடைய முகத்தைப் பார்த்து வலியைக் கற்றிருப்பார்?

நாடு முழுவதும் இப்போது முதலாண்டிலிருந்தே ஒவ்வொரு மாணவரும் சில கிராமத்துக் குடும்பங்களைத் தத்தெடுத்துத் தொடர்ந்து பார்க்க வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் விதித்திருக்கிறது. கணியம்பாடியில் பல பத்தாண்டுகளாக நடந்ததன் சாயல்தான். பஸ்ஸில் ஏற்றி, பேனர் கட்டி, புகைப்படம் எடுத்து, பஸ்ஸில் இறக்கிவிட்டால் அது பதிவேட்டில் நிறைவேறிவிடும். அதே வீட்டுக்கு மூன்றாம் ஆண்டிலும் அதே மாணவர் போய், "அக்கா, போன தடவ சொன்ன மாத்திரை வாங்கிட்டீங்களா?" என்று கேட்டால்தான் அது வேலை செய்யும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020இல் தமிழ்நாடு கொண்டுவந்த 7.5 சதவீத இட ஒதுக்கீட்டுக்கு இந்தக் கடன் கணக்கில் ஒரு தனி இடம் உண்டு. கட்டிலில் படுத்தவரின் வீட்டுப் பிள்ளை, கட்டிலைச் சுற்றி நிற்கும் கூட்டத்தில் ஒருவராகிறது. அந்தப் பிள்ளைக்குக் 'குடைச்சல்' என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மருத்துவ மாணவரின் முதல் நோயாளி உயிரோடு இருப்பவரில்லை. முதலாண்டில் உடற்கூறு மேசையில் காத்திருக்கும் அந்த உடல்தான் முதலாமவர். புதுக் கல்லூரிகள் இத்தனை வந்த பிறகு அந்த மேசைகளுக்குப் பற்றாக்குறை இருக்கிறது. மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் தலைவர் சீதாராம் யெச்சூரியின் உடல் 2024 செப்டம்பரில் டெல்லி எய்ம்ஸுக்குப் போனது மாணவர்களுக்காகத்தான். உடல் தானம் செய்ய விரும்புபவர்கள் அருகிலுள்ள மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறையில் படிவம் வாங்கலாம், கட்டணம் கிடையாது. பிணப் பரிசோதனை செய்த உடலையும், சில தொற்றுநோய்களால் இறந்தவர் உடலையும் ஏற்க மாட்டார்கள். உடலை ஒப்படைக்கும் முன் கண்ணை மட்டும் தனியாகத் தானம் செய்துவிடலாம். இறந்த சில மணி நேரத்துக்குள் இறப்புச் சான்றிதழோடு உடலைக் கொண்டுசேர்க்க வேண்டியது வீட்டார் பொறுப்பு. அவர்கள் மறுத்தால் உங்கள் கையெழுத்துச் செல்லாது. ஆகவே படிவத்தை நிரப்பும் முன் பிள்ளைகளை உட்கார வைத்துப் பேசிவிடுங்கள்.